மதிப்பெண்ணைப் பார்த்து ரூட்டரை எடைபோடாதீர்கள்

ரூட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்ததும் கண் முதலில் போவது மதிப்பெண்ணுக்குத்தான். 10-க்கு 9.8 என்றால் பதற்றம், 6 என்றால் நிம்மதி. ஆனால் ஓட்டைகளுக்குப் போடப்படும் இந்த சிவிஎஸ்எஸ் (CVSS) அடிப்படை மதிப்பெண் சொல்வது ஓட்டையின் தீவிரத்தை மட்டும்தான். ஓட்டை உள்ள வசதி உங்கள் ரூட்டரில் ஓடுகிறதா, வெளியிலிருந்து அதைத் தொட முடியுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தாக்க வருபவர் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் பாருங்கள். 2017-ல் வைஃபை பாதுகாப்பு முறையில் இருந்த 'கிராக்' (KRACK) என்ற ஓட்டை வெளியானபோது வைஃபையே உடைந்துவிட்டது என்று அலறினார்கள். சிக்னல் எட்டும் தூரத்துக்கு ஆள் வந்தாக வேண்டும் என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

சரி, 'வீட்டு நெட்வொர்க்குக்குள் இருந்தால்தான் முடியும்' என்று போட்டிருந்தால் விட்டுவிடலாமா? இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். உங்கள் பிரவுசர் உள்ளேதானே இருக்கிறது? நீங்கள் திறக்கும் ஒரு மோசமான பக்கம், அதைக் கொண்டே ரூட்டரின் அட்மின் பக்கத்துக்குக் கட்டளை அனுப்பப் பார்க்கும். இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை ரூட்டரில் மாற்றிவிட்ட சம்பவங்கள் இப்படி நடந்தவைதான். டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரூட்டரின் கதை இன்னும் சுவாரசியம். உள்ளிருந்து மட்டுமே தொடக்கூடியதாகத் தெரிந்த அதன் ஓட்டையை இணையப் பக்கத்திலிருந்தும் எட்ட வழி இருந்தது. 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏப்ரலிலேயே, கருவிகளைத் தொற்றிக் கூட்டமாக ஆட்டிவைக்கும் மிராய் பாட்நெட் அதைப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஓட்டையை யாராவது நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா என்பது மதிப்பெண்ணைவிடப் பெரிய தகவல். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா (CISA) அப்படிப்பட்டவற்றைத் தனிப் பட்டியலாகவே வெளியிடுகிறது. உங்கள் மாடல் அதில் இருந்தால் யோசிக்காமல் அப்டேட் போடுங்கள்.

'என்னிடம் திருட என்ன இருக்கிறது' என்பது இன்னொரு சமாதானம். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கோப்புகள் அல்ல, ரூட்டரின் இணைப்பு. அதை வைத்து வேறு யாரையோ தாக்குவார்கள். 2016-ல் பரவிய மிராய்க்கு ஃபர்ம்வேர் ஓட்டைகூடத் தேவைப்படவில்லை. மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளே போதுமானதாக இருந்தன.

அப்புறம் ரீபூட் வைத்தியம். நினைவகத்தில் மட்டும் தங்கும் மிராய் ரீபூட்டில் போய்விடும். ஓட்டை அடைபடாததால் திரும்பவும் வரும். 2018-ல் 5 லட்சம் கருவிகளையாவது பிடித்ததாகச் சொல்லப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீம்பொருளின் முதல் பகுதி ரீபூட்டுக்குப் பிறகும் உள்ளேயே இருந்தது. ஆதரவு முடிந்துபோன ரூட்டர் என்றால் மதிப்பெண்ணே பார்க்க மாட்டேன். அடுத்த ஓட்டைக்கும் அதற்கு அப்டேட் வரப்போவதில்லை, மாற்றிவிடுவேன்.