அலகிடும்போதும் உணர்வை எழுதும்போதும் நேரும் தவறுகள்

கவிதையை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் கண்ணாலேயே அலகிட, அதாவது அசையாகவும் சீராகவும் பிரிக்க, தொடங்குவதுதான், என் பார்வையில், மொரீசியசில் தமிழ் கற்கும் மாணவர்களின் யாப்புப் பிழைகள் பலவற்றுக்கும் காரணம். வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்கும் இத்தீவில், கோயில் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் குறித்துப் பாடிப் பழகியவர்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு எளிதில் நழுவிவிடும். அவ்வெழுத்தில் மலையும் மாலையும் ஒன்றுபோலவே தோன்றலாம். யாப்பிலோ குறிலும் அடுத்த எழுத்தும் இணையும் மலை ஒரே நிரையசை, நெடில் தனித்து நிற்கும் மாலை நேர் நேர் எனப் பிரிந்து தேமா என்னும் வாய்பாட்டுச் சீராகும்.

தமிழெழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. படிக்க எளிதாகட்டும் என்று சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பை வைத்துச் சீர் எண்ணுவது இதைவிடப் பெரிய தவறு. முதல் குறளின் முதலடி ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்று நாற்சீராக நிற்கிறது. ‘எழுத்தெல்லாம்’ நிரை நேர் நேர் என்ற புளிமாங்காய்ச் சீர், காய்முன் நேர் வரவேண்டும் என்ற விதிக்கு ‘ஆதி’ பொருந்துகிறது. அதையே ‘எழுத்து எல்லாம்’ என்று பிரித்தால் அடியில் ஐந்து சீர் வந்துவிடும். மாச்சீரை அடுத்து நிரை வராமல் நேரசை நின்று, வெண்பாவின் சீர்களை இணைக்கும் வெண்டளையும் கெடும். பழி மட்டும் வள்ளுவர் தலையில் விழும். அக்குறளின் ஈற்றில் வரும் ‘உலகு’ என்பதையும் புளிமா என்று எழுதிவிடாமல், குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்தில் முடியும் ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டில் அடக்க வேண்டும்.

வெண்பாவின் செப்பல், ஆசிரியப்பாவின் அகவல் என்பன ஓசையின் பெயர்களே தவிர உணர்வின் பெயர்கள் அல்ல. தைப்பூசத்தில் காவடிச்சிந்து கேட்டு வளர்ந்த காதுக்குப் பாடும் நடை என்றாலே கொண்டாட்டம் என்று படலாம். ஆனால் பாரதியாரின் கரும்புத் தோட்டப் பாட்டு அதே பாடும் நடையில் துயரத்தைச் சொல்கிறது. தொடக்கத்தையே இடைமறிக்கும் ‘ஆ!’ என்ற ஒற்றை எழுத்தையும், ‘விம்மி விம்மி விம்மி விம்மி’ என்று மூச்சுவிட இடமின்றி அடுக்கி வருவதையும் சுட்டாமல், ‘கவிஞர் மிகவும் வருந்துகிறார்’ என்று மட்டும் எழுதுவது ஆய்வாகாது. அப்பாட்டு பிஜித்தீவில் உழைத்த இந்தியப் பெண்களைப் பற்றியது என்பதையும் மறக்கலாகாது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அதைத் தம் பாட்டி பூட்டியின் கதையாகவே உணர்வது இயல்புதான். எனினும் அதைக் கவிதையின் பொருளாக எழுதிவிடாமல், வாசிப்பவரின் உணர்வு என்று தனி வாக்கியத்தில் குறிப்பிட வேண்டும்.