இரண்டு கண்ணுக்கு இரண்டு படம்: வீட்டிலேயே செய்து பாருங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நிற்கும்போது அலை வந்து பாறையில் மோதுகிறது. அதன் நிறத்துக்கு மூளையில் ஒரு பகுதி, அசைவுக்கு இன்னொரு பகுதி, சத்தம் போய்ச் சேருவது வேறெங்கோ. நமக்குத் தெரிவதோ ஒரே அலை. இது எப்படி ஒன்றாகிறது என்பதற்கு விஞ்ஞானத்திடம் இன்னும் முழு விடை இல்லை. ஆனால் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டினால், ஒன்றாக்க முடியாமல் மூளை திணறுவதை நீங்களே பார்த்துவிடலாம்.

நேரு வீதிப் பக்கம் போனால் ஒரு சார்ட் பேப்பரும் சிவப்பு, பச்சை ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வாருங்கள். வெள்ளைத்தாளில் 2 செ.மீ. அகலத்தில் இரண்டு வட்டம் போடுங்கள், நடுப்புள்ளிகளுக்கு இடையே 4 செ.மீ. இருக்கட்டும். இடது வட்டத்தில் சிவப்புப் படுக்கைக் கோடுகள், வலதில் பச்சை நெட்டுக் கோடுகள். சார்ட் பேப்பரை 20 செ.மீ. நீளத்துக்கு இரண்டு குழலாகச் சுருட்டி, கண்ணுக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் அதன் வட்டம் மட்டும் தெரிகிற மாதிரி பிடியுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கழற்ற வேண்டாம். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை குழலின் மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், இங்கே அவசரப்பட்டால் எதுவும் தெரியாது. மாறுகண் உள்ளவர்களுக்கும் ஒரு கண்ணில் பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்கும் இது சரியாக வராமல் போகலாம்.

அப்புறம் சும்மா பாருங்கள். இரண்டும் சேர்ந்து கட்டம் போட்ட துணி மாதிரி தெரியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், அப்படி நிலையாகத் தெரியாது. சில விநாடி சிவப்பு, பிறகு அது கரைந்து பச்சை, நடுவில் திட்டுத் திட்டாக இரண்டும். ஒன்றையே பிடித்து வைக்க எவ்வளவு முயன்றாலும் நழுவிவிடும். பக்கத்தில் இருப்பவரை ஒரு வட்டத்தின் மேல் பென்சிலை ஆட்டச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் சட்டென்று மேலே வரும்.

எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: தாள் மாறவில்லை, கண்ணுக்குள் போகும் வெளிச்சம் மாறவில்லை, உணர்வது மட்டும் மாறுகிறது. ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-லேயே இரண்டு கண்ணுக்கு இரண்டு வேறு எழுத்துகளைக் காட்டி இதை எழுதிவைத்தார். பிறகு 1990-களில் மூளை ஆய்வாளர் நிகோஸ் லோகோதெடிஸின் குழு குரங்குகளிடம் சோதித்தபோது, பார்வைத் தகவல் முதலில் வந்து சேரும் புறணிப் பகுதியில் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) கொஞ்சம் நரம்பணுக்களே இந்த மாற்றத்தோடு மாறின, பொருள்களை அடையாளம் காணும் பொட்டுமடல் பகுதியிலோ (காதுப் பக்கம் இருக்கும் மூளைப் பகுதி) சுமார் 90% மாறின. நாம் ஒன்றை உணர்வது, அதாவது நனவு, மூளையில் எங்கே இருக்கிறது என்று தேட இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன்.

கோடுகள் பழகியதும் ஒரு வட்டத்தில் சின்ன முகப்படம் ஒட்டிப் பாருங்கள், எது அதிக நேரம் நிற்கிறது என்று பக்கத்தில் ஒருவரை வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். கண் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.