பழ மணத்தைக் கெடுக்கும் பண்டிகைப் பழக்கங்கள்

கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று ரெட்பிரெஸ்ட் 12 போன்ற, பழ மணத்துக்குப் பேர்போன நல்ல ஐரிஷ் விஸ்கியைத் தேடி வாங்குவார்கள். அன்றைக்குக் கிளாஸ் நிறைய ஐஸைக் கொட்டி, கோலாவையும் ஊற்றிக் குடித்துவிட்டு, "பழ வாசனை என்றார்களே, எங்கே?" என்பார்கள். குளிர்ந்துபோன விஸ்கியிலிருந்து மணம் சரியாக எழும்பாது. எழும்பும் கொஞ்சத்தையும் கோலா அமுக்கிவிடும். எனக்கு இதைப் பார்த்தாலே மனசு கஷ்டமாகிவிடும்.

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மிடில்டனில், முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் சேர்த்து, செப்புக் கொப்பரையில் மூன்று முறை வடித்து ரெட்பிரெஸ்டைச் செய்கிறார்கள். பிறகு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியும் ஒலோரோசோ ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினும் இருந்த பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு கிடக்கும். பழம் எதுவும் போடுவதில்லை. உலர் திராட்சை, அத்தி வாசனையெல்லாம் பெரும்பாலும் அந்த ஷெர்ரி பீப்பாய் தந்தது. இதே மிடில்டனில் வடிக்கும் கிரீன் ஸ்பாட் என்ற இன்னொரு விஸ்கியில் பச்சை ஆப்பிள் மணம் தூக்கலாக இருக்கும்.

பழம் என்றதும் இனிப்பை எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. பழம் மணத்தில்தான் அதிகம். நாக்கில் மிளகுக் காரம்கூட வரும். இனிப்புதான் வேண்டுமென்று பழச்சுவை சேர்த்த பாட்டிலை எடுத்தால், அது விஸ்கிக் கணக்கிலேயே வராது. ஐரிஷ் விஸ்கி என்று எழுத, அயர்லாந்துத் தீவிலேயே மரப்பீப்பாயில் 3 ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். ஆல்கஹாலும் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். மூக்கை உள்ளே நுழைத்து இழுத்தால் சுரீரென்று எரியும். உதட்டை லேசாகத் திறந்து, கிளாஸின் விளிம்பில் மூக்கை வைத்து மெதுவாக இழுங்கள். பிறகு டீஸ்பூனால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால், எரிச்சல் அடங்கி, அப்போதுதான் வெட்டிய பிளம் கேக் மாதிரி மணம் வரும். பக்கத்தில் வாசனை மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம்.

எலுமிச்சை, கிராம்பு, சர்க்கரை, வெந்நீர் சேர்த்து அயர்லாந்தில் குடிக்கும் ஹாட் விஸ்கிக்கு இந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். விலை குறைந்ததே போதும்.

வெறும் வயிற்றில் ஆரம்பிக்காதீர்கள். கிறிஸ்துமஸ் புட்டிங்கோ டார்க் சாக்லேட்டோ பொருத்தமான துணை. அயர்லாந்து பப்பில் ஒரு அளவு 35.5 மில்லி. வீட்டில் கண்ணளவாக ஊற்றினால் அது சுலபமாக இரண்டு மடங்காகிவிடும், அளந்தே ஊற்றுங்கள். கார் ஓட்ட வேண்டியவருக்கு ஒரு சொட்டும் வேண்டாம், எவ்வளவு வற்புறுத்தினாலும்.

மீந்த பாட்டிலைப் படுக்க வைத்தால் கார்க் மூடி கெட்டுவிடும். அடியில் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் சின்னப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். அரைகுறைப் பாட்டிலில் காற்று பட்டுப் பட்டு, அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அந்தத் திராட்சை மணம் மங்கிவிடும்.