ஓவர்கிளாக் அமைப்பு அழிந்துபோகிறதா? முதலில் பயாஸின் கடிகாரத்தைப் பாருங்கள்

தக்கலையில் வீட்டின் முன்னறையிலேயே கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கத்தைவிட உயர்த்தி, ஏற்றி வைத்த வேகம் மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்ற புகாருடன் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி வருகிறார்கள். சேமிக்காமல் வெளியேறியவர்களை இங்கே விட்டுவிடுகிறேன். அதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு காலத்தில் நான் செய்து நொந்த தவறுகளை அவர்களும் வரிசை தவறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

காரணம் பார்க்காமல் அதே அளவுகளைத் திரும்ப ஏற்றுதல்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது. வெவ்வேறு சமயங்களில் வாங்கிய இரண்டு ஜோடி டிடிஆர்4 வகை ராம்களை (நினைவகம்) ஒரே மதர்போர்டில் பொருத்தி, எக்ஸ்எம்பி (ராமிலேயே பதிந்து வரும் உயர்வேக அமைப்பு) மூலம் 3200 என்ற வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்திற்கொரு முறையாவது ஓவர்கிளாக் தோற்றது என்ற அறிவிப்புடன் வேகம் 2133-க்கு இறங்கிவிடும். அந்த அளவுகளைப் பயாஸில் ஒரு புரொஃபைலாகச் சேமித்து வைத்திருந்ததால் அரை நிமிடத்தில் மீண்டும் ஏற்றிவிடுவேன்; நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. அந்த இடைவெளியில் தங்கை மகளின் திருமணப் படங்களை வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, மூலத்தையும் அழித்துவிட்டேன். பின்னர் திறந்து பார்த்தபோது பல படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டைதான் இருந்தது.

கணினி தொடங்கும்போது மதர்போர்டு ராமைப் பழக்கிப் பார்க்கிறது. கேட்ட வேகத்தில் சில முறை முயன்றும் முடியாவிட்டால் பாதுகாப்பான வேகத்திற்குத் தானே இறங்கிக்கொள்கிறது. அப்படி இறங்கிய ராமை நான் மறுபடியும் மறுபடியும் அதே வேகத்திற்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். தொடக்கச் சோதனையைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய நாள்களில் அது பிழையான தரவை ஓசையில்லாமல் வட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

அமைப்பு அழிந்தால் விண்டோஸுக்குள் போகும் முன் பயாஸுக்குள் சென்று தேதியைப் பாருங்கள். தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மின்சாரம் இல்லாதபோது பயாஸின் கடிகாரத்தையும் அமைப்பையும் காக்கும் நாணய வடிவ பேட்டரியைச் சந்தேகிக்கலாம். நேரம் சரியாக இருந்து வேகம் மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரியின்மேல் பழி போடாதீர்கள். விண்டோஸின் மூலையில் தெரியும் கடிகாரம் இணையம் கிடைத்தவுடன் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதால் அதை நம்ப முடியாது. நேரம் சரியாக இருந்தால் வேகத்தை 2933-க்கு இறக்குங்கள், அல்லது ஒரே ஜோடி ராமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் உங்களுக்கானது அல்ல.

பேட்டரி உழைப்பது எப்போது என்று தெரியாமலிருத்தல்

சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டிருக்கும். பேட்டரிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. நம் மாவட்டத்தில் ஐப்பசி இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். அது நல்ல பழக்கம்தான், ஆனால் தளர்ந்த பேட்டரி அன்றுதான் அகப்படும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பழைய கணினிகள் பலவும் கடிகாரம் பின்னே போன நிலையில்தான் என்னிடம் வந்தன.

மாற்றும்போது சிஆர்2032 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிஆர்2025-உம் அதே 20 மில்லிமீட்டர் விட்டம்தான். ஆனால் தடிமன் 3.2-க்குப் பதில் 2.5 மில்லிமீட்டர் என்பதால் பிடியில் தளர்வாக உட்காரும். குளச்சல் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் போர்டுகளில் உப்புக் காற்றால் அந்தப் பிடியே கறுத்திருப்பதுண்டு. அதைத் துடைக்காமல் புது பேட்டரி போட்டுப் பயனில்லை.

இன்வெர்ட்டரைச் சாதாரண நிலையில் விட்டுவைத்தல்

அதை விரைவாக மாறும் யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். மின்சாரம் மாறும் இடைவெளியில் கணினி பாதித் தொடக்கத்தில் அணைந்தால், போர்டு அதையும் தோல்வியாகக் கணக்கிடக்கூடும்.

பயாஸைப் புதுப்பித்தபின் பழைய புரொஃபைலை ஏற்றுதல்

வேண்டாம். புதுப்பிக்கும் முன் அளவுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கையால் இடுங்கள்.

விண்டோஸ் மென்பொருளில் ஏற்றிய வேகத்தைப் பயாஸில் தேடுதல்

அது பெரும்பாலும் அங்கே இருக்காது.