சிறிய விமான நிறுவனத்தில் முதல் வேலை: புதிய விமானிகள் சறுக்கும் இடங்கள்

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங்கிலிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர், அதாவது 150 கடல் மைல். ஏ.டி.ஆர். 72 என்ற இரட்டைப் புரொப்பல்லர் விமானம் 16,000 அடிக்கு ஏறி முடிப்பதற்குள் அதில் 45 மைல் போய்விடும். ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்ற கணக்கில், இறங்கத் தொடங்க வேண்டிய இடம் பினாங்குக்கு 48 மைல் முன்பே வந்துவிடும். நடுவில் சமமாகப் பறக்கக் கிடைப்பது ஏறத்தாழ கால் மணி நேரம். அதற்குள் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலைய வானிலையை எடுத்து, தரையிறங்கும் வேகங்களைக் கணக்கிட்டு, எப்படி இறங்கப் போகிறோம் என்பதை இரு விமானிகளும் பேசி, செக்லிஸ்ட் படித்து, தாள் வேலையையும் முடிக்க வேண்டும். இப்படி ஒரே நாளில் நான்கு முறை.

பெரிய ஜெட் கிடைக்கும்வரை இது ஒரு பஸ் ஸ்டாப் என்று நினைத்து வருபவர்கள் முதலில் திணறுவது இந்தக் கால் மணி நேரத்தில்தான். ஆனால் தவறுகள் அதற்கும் வெகு முன்பே, வீட்டில் பணம் புரட்டும்போதே தொடங்கிவிடுகின்றன.

பணம் கட்டும் முன்

மலாக்கா, லங்காவி, கோத்தா பாரு, எங்கே படித்தாலும் செலவு சில லட்சம் ரிங்கிட். அதில் முன்பணத்தைக் கட்டிவிட்டு மருத்துவச் சோதனைக்குப் போவது பெருந்தவறு. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். நிறங்களைப் பிரித்தறியும் குறைபாடு இருப்பது பலருக்கு அங்கே போகும்வரை தெரிவதே இல்லை. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம். அனைத்துலக விதிப்படி, இன்சுலின் போடும் நிலை வந்தால் அந்தச் சான்றிதழுக்குத் தகுதியில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை இருந்தால், இருபது வயதிலேயே எடையையும் சாப்பாட்டையும் கவனிப்பது தொழிலைக் காப்பாற்றும் வேலை. நாற்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சான்றிதழ் 12 மாதம் செல்லும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கப் போய்விடுங்கள்.

உரிமம் கையில் வந்ததும் இன்னொரு தவறு காத்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ஓராண்டு சும்மா இருப்பதால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, காலாவதியாகிவிடும். அது போனால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டாலும் பயனில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வெறும் கருவிகளைப் பார்த்து ஓட்டுங்கள். கை மறப்பதைவிட, கருவிகளைச் சுற்றிவரும் கண் வேகமாக மறக்கும்.

ஒப்பந்தத் தாள்

டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிக்கான பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்றால், பதிலுக்குச் சில ஆண்டுகள் வேலை பார்ப்பதாக ஒரு பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பாண்டின் காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது? சிமுலேட்டர் முடிந்த நாளா, பயணிகளுடன் பறக்கும்போது நடக்கும் லைன் செக் தேர்வில் தேறிய நாளா? இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் போகலாம். மாதாமாதம் தொகை குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத் தொகையும் நிற்கிறதா? மருத்துவத் தகுதி இழந்தாலோ, நிறுவனமே ஆட்குறைப்பு செய்தாலோ பணம் கட்ட வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். மைஏர்லைன் விமான நிறுவனம் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி 2023 அக்டோபர் 12ஆம் தேதி சேவையை நிறுத்திய நாடு இது. கூச்சத்துக்கு இடமில்லை. ஜாமீன்தாரராக அப்பா கையெழுத்திட வேண்டும் என்றால், அவர் ஒரு வழக்கறிஞரிடம் தாளைக் காட்டும்வரை காத்திருங்கள்.

சம்பளத்தில் அடிப்படை வேறு, பறந்தால் கிடைக்கும் படி வேறு. பயிற்சி மாதங்களிலும் மருத்துவ விடுப்பிலும் படி குறையும். அதிகம் பறந்த மாதத்தின் சம்பளத்தை வைத்துக் கார் கடன் எடுக்காதீர்கள். வீடு எடுக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். காலை 7 மணி விமானத்துக்கு 6 மணிக்கே சுபாங்கில் நிற்க வேண்டும். காஜாங்கிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ தினம் வருவதென்றால் தூக்கத்தில்தான் வெட்டு விழும்.

விமானத்துக்குள்

ஜெட்டைப் போல ஏ.டி.ஆரை ஓட்டுவது மிகப் பொதுவான பழக்கக் கோளாறு. புரொப்பல்லர் விமானத்தில் பவரை மாற்றும் ஒவ்வொரு முறையும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். காலால் மிதித்தோ, வால் சுக்கானை நிலைப்படுத்தும் ரட்டர் டிரிம்மாலோ உடனே சரிசெய்ய வேண்டும். காலைத் தரையில் வைத்துக்கொண்டு இறக்கையைச் சாய்க்கும் ஏய்லரானால் சமாளிப்பவர்களை எந்தப் பயிற்சி கேப்டனும் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார். ஓடுபாதைக்கு மேலே பவரைச் சட்டென்று முழுவதும் குறைப்பதும் அப்படித்தான். இரண்டு புரொப்பல்லரும் அந்தக் கணமே தட்டுப்போல் காற்றைத் தடுக்கும், விமானம் பொத்தென்று விழும்.

லீவரை அவசரமாக இழுப்பதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. 2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைப்பேயில் டிரான்ஸ்ஏசியா ஏ.டி.ஆர். 72 புறப்பட்ட சற்று நேரத்தில் இரண்டாம் இயந்திரத்தின் புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆனது, அதாவது அதன் இதழ்கள் காற்றை வெட்டும் திசைக்குத் திரும்பி உந்துவிசை இல்லாமல் போனது. கேப்டனோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இயந்திரத்தைக் குறைத்து நிறுத்தினார். 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15ஆம் தேதி நேபாளத்தின் பொக்காராவில், இறக்கையின் பின்மடல்களான ஃபிளாப்பின் லீவரை நகர்த்த வேண்டிய கை, புரொப்பல்லர்களைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்கள் இரண்டையும் ஃபெதருக்குக் கொண்டுபோனது. விமானத்தில் இருந்த 72 பேரும் மாண்டார்கள். ஏ.டி.ஆரில் இந்த லீவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

எனவே இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்: கண்ணால் பார், கை வை, பெயரைச் சொல், பக்கத்தில் இருக்கும் விமானி ‘சரி’ என்ற பிறகே அசை. ஃபிளாப் இறக்கினால் குறிகாட்டியும் நகர்கிறதா என்று பார்க்கும்வரை கையை எடுக்காதீர்கள். இயந்திரம் பழுதானால் முதல் வேலை விமானத்தை நேராக ஓட்டுவது. புறப்படும்போது தானாக ஃபெதர் செய்யும் அமைப்பு அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். எது பழுது என்று இருவரும் உரக்கச் சொல்லி ஒத்துக்கொள்ளச் செலவாகும் பத்து விநாடி வீண் அல்ல.

“மலேசியாவில் ஐசிங், அதாவது இறக்கையில் பனி படிவது, எங்கே வரப்போகிறது?” என்ற நினைப்பும் ஆபத்தானது. நம் வானத்தில் உறைநிலை சுமார் 16,000 அடியில் இருக்கிறது. ஏ.டி.ஆர். பறக்கும் உயரமும் அதுதான். அந்த உயரத்தில் மேகத்துக்குள் நுழைந்தால் பனி படியும். பனி நீக்கும் கருவிகளைப் போட்ட பிறகு குறைந்தபட்ச வேகங்களும் கூடும். பழைய வேக அட்டையிலேயே பறப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 1994 அக்டோபர் 31ஆம் தேதி அமெரிக்காவின் ரோஸ்லானில் ஒரு ஏ.டி.ஆர். 72 ஐசிங்கால் கட்டுப்பாட்டை இழந்து 68 பேர் மடிந்ததை எந்த ஏ.டி.ஆர். விமானியும் மறக்கக் கூடாது.

மேற்குக் கரையில் ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணையிலிருந்து சுமத்ரா புயல் வரிசை வரும். கிழக்கே கோலத்திரங்கானு, கோத்தா பாரு பக்கம் நவம்பரிலிருந்து மார்ச்வரை வடகிழக்குப் பருவமழை. இடிமேகம் 50,000 அடிவரை போகும், ஏ.டி.ஆரின் உச்சம் 25,000 அடி. மேலே தாண்டலாம் என்ற பேச்சே இல்லை, சுற்றித்தான் போக வேண்டும். வானிலை ரேடாரின் டில்ட்டை, அதாவது மேலும் கீழும் சாய்க்கும் கோணத்தை, ஒரே இடத்தில் விட்டுவைக்காதீர்கள். கனமழை முன்னால் இருந்தால் அதன் பின்னால் இருப்பதைத் திரை காட்டாது. அங்கே தெரியும் கறுப்பைத் தெளிவான வானம் என்று நம்பக் கூடாது.

லாக்புக்

பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம்தான் லாக்புக். கேப்டனாகத் தேவையான முழு விமானப் போக்குவரத்து உரிமத்துக்கு அனைத்துலக விதி கேட்பது மொத்தம் 1,500 மணி நேரம். அதில் 100 இரவில், 75 கருவிப் பறத்தல், 250 கேப்டன் பொறுப்பில். அந்த 250இல் குறைந்தது 70 உண்மையாகவே உங்கள் பொறுப்பில் பறந்ததாக இருக்க வேண்டும். மீதியைக் கேப்டனின் மேற்பார்வையில் சேர்க்கலாம். நீங்கள் ஓட்டிய விமானம் என்பதற்காக அந்த நேரத்தைக் கேப்டன் நேரமாக எழுதுவது தவறு. மேற்பார்வை நேரத்துக்கு அவரது கையெழுத்து வேண்டும். சிறிய நிறுவனத்தில் கேப்டன்கள் சீக்கிரம் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அன்றன்றைக்கே, விமானத்தை விட்டு இறங்கும் முன், கையெழுத்து வாங்கிவிடுங்கள்.