கார மின்னாற்பகுப்புக்கு ஒரு பாலிமர் சவ்வு: முதல் தாளை வார்ப்பது எப்படி?

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். இரண்டும் கலந்துவிடாமல் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய சவ்வு. எதிர்மின்வாயில் உண்டாகும் ஹைட்ராக்சைடு அயனி அதைத் தாண்டி நேர்மின்வாய்க்குப் போயாக வேண்டும். வாயு மட்டும் தாண்டக் கூடாது. ஆக்சிஜனில் சுமார் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும் கலவை. இதெல்லாம் நடப்பது 25 முதல் 30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தில்.

ஒரு காலத்தில் இந்த வேலையைக் கல்நார் செய்தது. அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் கைவிட்டார்கள். இப்போது பரவலாக இருப்பது பாலிசல்போன் என்ற பிளாஸ்டிக்கும் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) தூளும் சேர்ந்த நுண்துளைச் சவ்வு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். எதிர்மின்னூட்ட அயனிகளைக் கடத்தும் எதிரயனி பரிமாற்றச் சவ்வுகள் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அவற்றில் இருக்கும் அம்மோனியத் தொகுதிகளைச் சூடான காரம் அரித்துவிடும். பாலிசல்போனை எடுத்துக்கொள்ளுங்கள்: தனியாக இருக்கும்வரை காரத்தைத் தாங்கும்; அதே சங்கிலியில் அந்தத் தொகுதியைக் கோத்தால் முதுகெலும்பே உடையத் தொடங்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பாலிமரைக் கரைக்க எடுக்கும் என்.எம்.பி. (என்-மெத்தில் பைரோலிடோன்) என்ற கரைப்பான் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதனால் ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), பொருத்தமான கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மாவு கலப்பது

40 கிராம் என்.எம்.பி., 51 கிராம் சிர்கோனியா, 9 கிராம் பாலிசல்போன். தூளும் பாலிமரும் 85:15 என்ற எடை விகிதம். பாலிமர் இவ்வளவு குறைவா என்று தோன்றும். சிர்கோனியா கனமான பொருள் என்பதால், கனஅளவில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டப் பாதிப் பாதிதான். தூள் எதற்கு? பாலிசல்போன் தண்ணீரை ஒட்டவிடாது. சிர்கோனியாதான் துளைகளுக்குள் காரநீரை இழுத்து நிறுத்துகிறது.

தூளை முதலில் கரைப்பானில் போட்டு, கட்டி இல்லாமல் நன்றாகச் சிதறவிடுங்கள். அப்புறம்தான் உலர்த்திய பாலிமர் மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்க வேண்டும். கலக்கி முடித்ததும் மூடி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். நான் முதல் தடவை அவசரப்பட்டு உடனே வார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஊசிமுனை அளவில் மூன்று புள்ளிகள் மின்னின. மூன்றும் காற்றுக்குமிழிகள் விட்ட ஓட்டை. அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை.

வார்த்து முக்குவது

சுத்தமான கண்ணாடிப் பலகையில் மெல்லிய பாலிமர் வலையை விரித்து, மாவை ஊற்றி, 500 மைக்ரான் இடைவெளி வைத்த வார்ப்புக் கத்தியால் ஒரே சீராக இழுங்கள். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். பலகையோடு அப்படியே தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள்.

இனி நடப்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மாவின் பளபளப்பு சில நொடிகளில் மங்கும். கரைப்பான் வெளியே போக, தண்ணீர் உள்ளே நுழைய, பாலிமர் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து கெட்டியாகிறது. பிரிந்த இடத்தில் தண்ணீர் பிடித்திருக்கும் வெளிதான் துளை. இந்த மாற்றம் மிக வேகமாக நடந்தால் விரல் போன்ற பெரிய குழிகள் உண்டாகும். அப்படி வந்தால் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் என்.எம்.பி. கலந்து வேகத்தைக் குறைக்கலாம். பிறகு ஒரு நாள், தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, ஈரமாகவே வையுங்கள்.

சோதிப்பது

எல்லாரும் மின்தடையை அளக்கத்தான் ஓடுவார்கள். முதலில் குமிழி அழுத்தத்தைப் பாருங்கள், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நனைந்த சவ்வின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். முதல் குமிழித் தொடர் 2 பார் அழுத்தத்தில் வந்தால், இருப்பதிலேயே பெரிய துளை சுமார் 1.4 மைக்ரான். அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே வந்தால் ஓட்டை இருக்கிறது. அந்தத் தாளை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து துளைமை, அதாவது சவ்வின் கனஅளவில் துளைகளின் பங்கு. வலை இல்லாமல் வார்த்த ஒரு துண்டை ஈரத்தில் எடை போடுங்கள், உலர்த்தி மறுபடியும் போடுங்கள். ஈரத்தில் 1.30 கிராம், உலர்ந்தபின் 1.00 கிராம் என்றால் உள்ளே இருந்த தண்ணீர் 0.30 கன செ.மீ. திடப்பொருளின் அடர்த்தி கன செ.மீ.-க்குச் சுமார் 3.7 கிராம் என்பதால் அதன் கனஅளவு 0.27. ஆக 0.57-இல் 0.30, அதாவது 53 சதவீதம். இந்த வகைச் சவ்வுக்கு இது நல்ல அளவு.

மின்தடைக்கு, காரநீர் நிரப்பிய கலத்தில் சவ்வு இல்லாமலும் சவ்வோடும் அளந்து கழியுங்கள். 5 சதுர செ.மீ. பரப்பில் வித்தியாசம் 0.06 ஓம் என்றால், பெருக்கிவர 0.3 ஓம் சதுர செ.மீ. சதுர செ.மீ.-க்கு 0.5 ஆம்பியர் ஓடும்போது சவ்வு மட்டும் 0.15 வோல்ட்டை விழுங்கும்.

கடைசியாக, ஒரு துண்டை 80 டிகிரி காரநீரில் சில வாரம் ஊறப்போடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரிக்கும். பாலிபுரொப்பிலீன் பாட்டில் போதும். வாரம் ஒரு முறை எடுத்துக் கழுவி, குமிழி அழுத்தத்தை மறுபடியும் பாருங்கள். அது இறங்க ஆரம்பித்தால் பாலிமரின் பிடியிலிருந்து தூள் உதிர்கிறதா என்று பாட்டிலின் அடியில் தேடுங்கள்.