பால் திரையாமல் இருக்க: வாளியிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் நீர்வேலிப் பக்கம் பால் திரைந்தால் உடனே வெயிலைத்தான் திட்டுவார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிற வீடுகளில் பிழை பெரும்பாலும் வாளியில்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கீறல் விழுந்தால் அதற்குள் கொழுப்புப் படியும், எந்தத் தும்பும் அங்கே எட்டாது. விலை கூடினாலும் மூட்டில்லாத சில்வர் வாளி வாங்குங்கள். பாலை ஊற்றிய கையோடு முதலில் பச்சைத் தண்ணீரால் அலசுங்கள். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கொதிநீரை ஊற்றுவார்கள். சூடு பட்டால் பாலின் புரதம் வெந்து உலோகத்தில் ஒட்டிவிடும். அலசிய பிறகு சவர்க்காரத் தூளும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, கடைசியில்தான் கொதிநீர். துணியால் துடைக்காமல் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

இன்னொன்று எங்கள் மண்ணோடு வந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, பாலின் மிச்சத்தோடு சேர்ந்து வாளி விளிம்பிலும் பால் கான் மூடியின் உட்புறத்திலும் மங்கல் மஞ்சளாகப் பிடிக்கும். நகத்தால் சுரண்டினால் சொரசொரக்கும். கிருமி குடியிருப்பதே அதற்குள்தான், சவர்க்காரத்துக்கு அது அசையாது. கிழமைக்கு ஒருக்கால் வினாகிரி கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அலுமினியக் கான் என்றால் ஊறவிடாமல் உடனே அலசிவிடுங்கள்.

சரி, இனி மாடு. கன்றை விட்டுப் பால் இறங்கச் செய்வது நம் வழக்கம். அப்படியென்றால் காம்பைக் கழுவுவது கன்று குடித்த பிறகு, எச்சில் போக. கழுவியதும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்; ஈரக் காம்பில் கறந்தால் அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் சொட்டும். முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். திரித்திரியாக வந்தால் மடிவீக்கம், அந்தப் பாலைப் புறம்பாக வையுங்கள். கறந்து முடிந்ததும் காம்பை அயடின் மருந்தில் தோய்த்து, புல்லைப் போட்டு அரை மணித்தியாலம் மாட்டை நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடுமுன் படுத்தால் சாணத்துக் கிருமி ஏறிவிடும். வெங்காயத் தாளைக் கறப்பதற்கு முன் போடாதீர்கள். பாலில் மணக்கும், சேகரிப்பு நிலையத்தில் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

மடியிலிருந்து வரும் பால் ஏறக்குறைய 37 பாகைச் சூடு. வடித்துக் கானில் ஊற்றி, கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு நிறுத்தி, நிழலில் வையுங்கள். இது சூட்டைக் கொஞ்சம் இறக்குமே தவிரக் குளிர்சாதனப் பெட்டி ஆகாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பால் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். பின்னேரப் பாலை வைத்திருப்பதென்றால் பெட்டியில் 4 பாகையில் வையுங்கள், விடியக் கறந்த சூட்டுப் பாலை அதற்குள் ஊற்றாதீர்கள்.

மாட்டுக்கு ஊசி போட்டால், எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்று வைத்தியரிடம் கேட்டுக் கொட்டில் சுவரில் கரியால் எழுதுங்கள். மருந்து கலந்த பாலைக் காய்ச்சினாலும் மருந்து போகாது, தயிர் உறையவும் விடாது. உங்களிடம் பால் வாங்கித் தயிர் போடுகிற அயல்வீட்டுக்காரி உறையவில்லை என்று படலையில் வந்து நின்றால், முதலில் அந்தச் சுவரைப் பாருங்கள்.